அஷ்டமியில் கொடுத்த ரத்தம்

புரதங்களின் மேல் என்னென்ன வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பதைப் பற்றித் தமிழில் ஒரு சிறுநூல் எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டபோது, அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று பதிப்பாளரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவரும் அன்றே வேறு பிழைப்பைப் பார்க்கப் போயிருப்போம். நான் அடிப்படையில் நகைச்சுவை எழுதுகிறவன். என் கட்டுரையைப் படித்துச் சிரித்த யாரையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை என்பதால், வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவ அறிவியலை மொழிபெயர்க்கிறேன். அதைப் படித்துக் கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நூலில் சக்சினைல் ஏற்றம் என்கிற அத்தியாயத்தில் நான் சிக்கிக் கிடந்த வாரத்தில்தான், கண்ணில் இப்போதைக்குக் கை வைக்க மாட்டேன் என்று பொன்னேரி டாக்டர் என் மச்சானிடம் சொல்லிவிட்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர், அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் ஃபைபர் படகில் இன்ஜின் பிடிப்பது அவர்தான். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும். அலை எங்கே உடைகிறது, தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் படகை வெளியே எடுக்க முடியும். இரண்டு வருடமாக அவர் வலது கண்ணில் புரை வளர்ந்து, இடது கண்ணும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தது. பங்குக்காரர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆபரேஷன் ஆகிற வரைக்கும் நீங்க வலைப்பக்கம் உக்காருங்க, சின்னவன் இன்ஜின் புடிக்கட்டும். சின்னவன் என்பது மச்சானின் சித்தப்பா மகன், நாற்பது வயது, கழுகுப் பார்வை.

மழைக்கால இறாலுக்குப் படகு இறங்குமுன் ஆறு பேரும் உட்கார்ந்து அந்த வருஷத்துக்கு யார் இன்ஜின் என்று முடிவு செய்வார்கள். முடிவானால் சீசன் முடிகிற வரை மாற்றம் கிடையாது. அறுபது வயதில் ஒரு சீசன் கைவிட்டுப் போனது அடுத்த சீசனில் திரும்பி வராது என்பது மச்சானுக்குத் தெரியும். அதனால்தான் டாக்டர் சொன்னது அவருக்கு இடி.

"மூணு மாச சுகர் பத்துக்கு மேல இருக்குதுங்க. எட்டுக்குக் கீழ கொண்டுவாங்க, கண்ண நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

மச்சான் வீட்டுக்கு வந்து வலையை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தார். நான் அங்கே போனபோது யோசித்து முடித்திருந்தார்.

"மாப்ள, தேதிய நான் குறிச்சிட்டேன். ஆடியில வர்ற அஷ்டமி."

"எதுக்கு?"

"ரத்தம் குடுக்க."

கடலில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீரின் இழுப்பு கூடும். நடுவில் வரும் அஷ்டமியில் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். வலை விடுகிறவனுக்கு இது பாலபாடம். மச்சான் அதை இன்னும் கொஞ்சம் உள்நாட்டுக்கு இழுத்திருந்தார்.

"ஒடம்புல ஓடறதும் தண்ணிதான மாப்ள. அதுவும் உப்புத் தண்ணி. அமாவாசைக்கு ஏறும், அஷ்டமிக்கு எறங்கும். நாள் தெரியாம போய் குடுத்தேன், பத்து காட்டிச்சி. அஷ்டமி காலைல வெறும் வயித்துல குடுத்தேன்னு வையி, சக்கர தரையில கெடக்கும்."

அந்தத் தர்க்கத்தில் ஒரே ஒரு குறைதான். அது தவறு. மற்றபடி நான் எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்தைவிடத் தெளிவாக இருந்தது.

வாசலில் மணலின் மேல் விரித்த வலையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நான் ஒரு மீனைக் கையில் எடுத்தேன். அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்ப்பவன் கையில் எப்போதும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"மச்சான், இது காயக் காய செவக்குதே, ஏன்?"

"வெயிலு."

"வெயில் மட்டும் இல்ல. மீனோட சதையில புரதம் கீது. அதுக்குள்ளயே துளி சக்கரையும் கீது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. ஒட்ட ஒட்ட நெறம் மாறுது. உங்க ரத்தத்துலயும் இதான் நடக்குது, வெயில் இல்லாம மெதுவா. ரத்தத்துல செவப்பணு ஒண்ணு பொறந்தா மூணு நாலு மாசம் உயிரோட இருக்கும். அதுக்குள்ள இருக்குற புரதத்துல சக்கர ஒட்டுச்சின்னா, அணு சாகற வரைக்கும் வுடாது. எத்தினி ஒட்டிகினு கீதுன்னுதான் டெஸ்டுல பாக்கறாங்க. ஒரு நாள் பட்டினி கெடந்தா, போன மாசம் ஒட்டுனது கழண்டு வருமா?"

மச்சான் மீனைப் பார்த்தார். மச்சானின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"இன்னா தம்பி சொல்ற, இவரு உள்ளுக்குள்ள கருவாடா ஆயிகினு வராருன்றியா?"

"ஏறக்குறைய அப்படித்தாங்க்கா."

"ஆவட்டும்" என்றார் மச்சான். "பச்ச மீன விட கருவாட்டுக்குத்தான் வெல."

என் மனைவி என்னை முறைத்தாள். தன் அண்ணனைக் கருவாடு என்று சொல்லும் உரிமை தனக்கு மட்டும்தான் என்பது அவள் கட்சி.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஓர் அத்தியாயம் முடியாமல் கிடப்பவன் எங்கே போனாலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பான். சக்கரை ஒன்றுதான் ஒட்டும் என்று நினைக்காதீர்கள் என்று ஆரம்பித்தேன். உயிரணு சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும்போது சக்சினைல் என்று ஒரு துண்டு மிச்சம் விழும். புரதத்தில் லைசின் என்று ஒரு உறுப்பு, நேர்மின்னேற்றத்தோடு கை நீட்டிக்கொண்டு நிற்கும். சக்சினைல் போய் அந்தக் கையில் உட்கார்ந்தால் நேர் எதிராக மாறிவிடும். அதுவரை சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த புரதம் திடீரென்று முறைத்துக்கொண்டு நிற்கும். அசிட்டைல், மலோனைல் என்று அதற்குப் பங்காளிகள் வேறு. ஒட்டியதைக் கழற்றிவிட உடம்பிலேயே நொதிகள் உண்டு. கழற்றுகிறவன் அசந்தால் இதயம், ஈரல் என்று பல இடங்களில் கணக்குத் தப்புகிறது. புற்றுநோயிலும் இதன் கை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நோயால் இது வருகிறதா, இதனால் நோய் வருகிறதா என்று பல இடங்களில் இன்னும் ஆராய்ச்சிக்காரர்களுக்கே தெளிவில்லை.

"தெரியலன்னா எதுக்கு புக்கு போடறீங்க?" என்றார் அக்கா.

பதிப்பாளரும் நானும் எங்களையே கேட்டுக்கொள்ளாத இரண்டாவது கேள்வி அது.

மச்சானுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "ரத்தம் மூணு மாசத்துல மாறிடும்னியே. கண்ணு?"

"கண்ணுல இருக்குற வில்லை மாறாது மச்சான். அதோட நடுப்பகுதி நீங்க அம்மா வயித்துல இருக்கும்போது வந்த புரதம். அப்படியே இருக்கும். சக்கரையோ வேற எதுவோ, ஒட்டுனது எல்லாம் அதுலயே கெடக்கும். வயசு ஆக ஆகப் பழுப்பாகி, கலங்கி, புரையாகிடும். வெயிலுக்கும் அதுல பங்கு உண்டு."

அவர் கொஞ்ச நேரம் வலைக்கண்ணை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்க நைனாவோட கடலுக்குப் போன வெயிலும் இதுலதான் கீதா?"

"இருக்கும்."

"அத்தயும் சேத்து எட்த்துடுவானா?"

"வில்லையையே எடுத்துட்டு வேற வெப்பாங்க."

"சரி வுடு. இன்ஜின் கைக்கு வந்தா போதும்" என்றார்.

அஷ்டமி வந்தது. பொன்னேரியில் நானும் என் மனைவியும் ரத்தப் பரிசோதனை நிலையத்து வாசலில் காத்திருந்தோம். குப்பத்திலிருந்து மச்சானும் அக்காவும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மச்சான் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. முகம் வாடியிருந்தாலும், சாமிக்கு விரதம் இருந்து கோயில் வாசலுக்கு வந்துவிட்டவரின் தெளிவு அதில் இருந்தது.

ஊசி போட வந்த பெண்ணிடம், "இன்னிக்கு அஷ்டமிம்மா" என்றார்.

"அதனால இன்னாங்க, சாமி கும்பிடணுமா?"

"இல்ல. தெரிஞ்சி வெச்சிக்கோ."

கையை நீட்டியவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் குடு மாப்ள. கருவாடு கருவாடுன்றியே, ஒன் லட்சணம் இன்னான்னு பாப்போம்."

"எனக்கு எதுக்கு மச்சான்? நான் நல்லாத்தான இருக்கேன்."

"குடுங்களேன்" என்றாள் மனைவி. திருமணமான இத்தனை வருஷத்தில் எத்தனையோ குரல்களில் என்னோடு பேசியிருக்கிறாள். இது கேள்வி இல்லாத குரல். கொடுத்தேன்.

சாயங்காலம் தாள்கள் வந்தன. மச்சானின் வெறும் வயிற்றுச் சர்க்கரை அருமையாக இருந்தது. அவர் அதைப் படித்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்த வரியில் மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி எட்டு. மீசையிலிருந்து கை இறங்கியது.

"மிஷினு அவுட்டு" என்றார்.

"உங்களுதையும் பாருங்க" என்று என் மனைவி இன்னொரு தாளை என்னிடம் நீட்டினாள். ஆறு புள்ளி ஒன்பது. எந்த எண்ணுக்கு மேல் போனால் அது சர்க்கரை நோய் என்று என் நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். அதை எழுதும்போது பக்கத்தில் ஒரு தட்டில் லட்டு இருந்தது. அது காலியான பின்தான் அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தேன்.

மச்சான் என் தாளை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "வா மாப்ள, வா. ஒனக்கும் பக்கத்துலயே வல விரிச்சிருக்கேன், காயி."

ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று மாதம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். மூன்று மாதம் என்றால் ஐப்பசி. அதைத் தாண்டினால் இறால் சீசன். இதுதான் கடைசி வாய்ப்பு என்பது எல்லோருக்கும் புரிந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா பிடித்துக்கொண்டார். "வூட்ல சக்கரய நிறுத்தி மூணு மாசமாச்சி. மாத்தர கரெக்டா போடற. அப்புறம் எங்கிருந்து வருது?"

மச்சான் சாலையைப் பார்த்தார்.

"படகுல எத்தினி டீ குடிக்கற?"

"படகுல குடிக்கறது கடல்ல. அது இன்னாத்துக்கு வூட்டுக் கணக்குல வரும்?"

"எத்தினி?"

"பிளாஸ்க்கு காலியாவற வரைக்கும்."

விஷயம் இதுதான். அந்தப் படகில் ஒரே பெரிய பிளாஸ்க். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு முறை. முறைக்காரர் வீட்டில் டீ போட்டு, சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டி, விடியுமுன் படகுக்கு அனுப்புவார்கள். ஆறு பேரும் ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். பிடித்த மீனில் எப்படிப் பங்கோ அப்படியே டீயிலும். தனி பிளாஸ்க் எடுத்துக்கொண்டு படகில் ஏறுகிறவன், நான் உங்களோடு பங்கு இல்லை என்று சொல்கிறவன். மச்சான் கண்ணை வேண்டுமானால் விட்டுக்கொடுப்பார், அப்படி ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்க மாட்டார். டீ வேண்டாம் என்று மறுத்தாலோ, முறைக்காரன் வீட்டைக் கேவலப்படுத்தியது போலாகும்.

"நான் போய் கேக்கறேன்" என்றார் அக்கா.

"யாரு கிட்ட? அவங்க கிட்டயா? வாணாம், அசிங்கம்."

"அவங்க கிட்ட எதுக்கு? டீய அவங்களா போடறாங்க?"

மறுநாள் மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா மற்ற ஐந்து வீட்டுப் பெண்களிடமும் பேசிவிட்டார். அந்த வார நடுவில் ஒரு விடியலில், நடுக்கடலில் பிளாஸ்க் திறக்கப்பட்டது. முதல் டம்ளரைக் குடித்தவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தாராம். அவரும் அப்படியே. டம்ளர் ஒரு சுற்று வந்த பிறகுதான் ஒருவர் கேட்டாராம், "எவன் வூட்ல சாவு வுழுந்துச்சி?"

சின்னவன் மட்டும் வெளிப்படையாகவே முறைத்தான். அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மச்சானின் கண் தெளிந்தால் இன்ஜின் அவன் கையிலிருந்து போகும். அதற்காக அவன் டீயில் சர்க்கரையை விட வேண்டும் என்றால், தன் வீட்டை இடிக்கத் தானே கூலியில்லாமல் வேலை செய்வது போல.

"நீ கண்ண தொறக்க நாங்க வாய கட்டணுமா அண்ணே?" என்று கேட்டானாம். சின்னவன் வீட்டு முறை வரும் நாளில் மட்டும் டீ பாகாக இருக்கும். அன்று மற்ற நால்வரும் விழாக் கொண்டாடுவார்கள். மச்சான் தன் பங்குக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை யாரும் பார்க்காதபோது கடலுக்குக் கொடுப்பார். கடலுக்கு மூன்று மாதச் சர்க்கரை எடுத்தால் என்ன காட்டும் என்று எனக்கு ஒரு கவலை.

நான் இந்தச் செய்திகளையெல்லாம் வீட்டில் சர்க்கரையில்லாத டீயைக் குடித்துக்கொண்டு கேட்டேன். சக்சினைல் அத்தியாயம் வேகமாக நகர்ந்தது. கசப்பு எழுத்துக்கு நல்லது என்கிறார்கள். என் எழுத்தில் அது தெரியவில்லை, முகத்தில் தெரிந்தது.

புரட்டாசியில் ஒருநாள் திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் சின்னவன் படகைத் திட்டில் ஏற்றிவிட்டான். பார்வையில் குறை இல்லை. திட்டு அவனுக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது, இன்ஜினைத் திருப்பத்தான் கை தாமதித்துவிட்டது. பின்னாலிருந்து அலை வந்து படகைக் குறுக்கே புரட்டப் பார்த்திருக்கிறது. ஆறு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். பாதி மீன் போயிற்று. யாருக்கும் அடி இல்லை. கரைக்கு வந்ததும் சின்னவன் மணலில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை என்றார் அக்கா.

"பாவம், அதுக்கும் ரெண்டு புள்ளிங்க கீது."

மச்சான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"இன்னா பேசறது? மொதத் தபா நானும் திட்டுல ஏத்திகீறேன்னு சொன்னேன். அத்தோட இல்ல, ரெண்டாந்தபாவும் ஏத்திகீறேன்" என்றார் மச்சான்.

அடுத்து சின்னவன் வீட்டு முறை வந்த நாளில் பிளாஸ்க்கைத் திறந்தார்கள். டீயில் சர்க்கரை இல்லை. மற்ற நால்வரின் விழாநாளும் அன்றோடு முடிந்தது. அவர்களில் ஒருவர் இன்றுவரை சின்னவனோடு சரியாகப் பேசுவதில்லை.

ஐப்பசியில் டாக்டர் சொன்ன தேதியில் ரத்தம் கொடுத்தோம். திதி பார்க்க மச்சானுக்கு நேரம் கொடுக்கவில்லை. ஏழு புள்ளி ஒன்பது. வரம்புக்கு ஒரு நூலிழை உள்ளே. நான் எனது தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். என் மனைவி அதைச் சட்டைப் பையிலிருந்தே படித்துவிட்டாள். குறைந்திருந்தது, ஆனால் பெருமைப்படுகிற அளவுக்கு இல்லை என்பது அவள் தீர்ப்பு.

ஆபரேஷன் காலையில் தொடங்கி காபி ஆறுவதற்குள் முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். மச்சான் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"இன்னா மாப்ள, இப்படி ஆயிட்ட?"

"எப்படி?"

"ஒண்ணுமில்ல. போன வருசம் வரைக்கும் நல்லாத்தான இருந்த."

பிறகு அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். புது வில்லை அறிவையும் கொஞ்சம் தெளிவாக்கியிருக்க வேண்டும்.

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்ன வாரங்கள் கழிந்து, ஆறு பங்குக்காரர்களும் உட்கார்ந்தார்கள். பேச்சு நீளவில்லை என்றார்கள். சின்னவனே சொல்லிவிட்டானாம், அண்ணன் புடிக்கட்டும், நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன் என்று.

படகு இறங்கிய விடியலில் நானும் என் மனைவியும் குப்பத்தில் இருந்தோம். காட்டூர்ப் பக்கத்து நெல் வயலில் வளர்ந்தவன் நான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் கையைக் கூப்பிவிடுவேன். ஆகவே அக்காவோடு கரையிலேயே நின்றேன். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மச்சான் படகுக்கு அருகில் போனவர் ஏறாமல் நின்றார். ஒரு பக்கம் பார்த்தார், சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார்.

"எவன்டா படகுக்குப் பெயிண்டு அட்சது?"

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் அடிக்கலயே அண்ணே" என்றான் சின்னவன்.

"பொய் சொல்லாத. பச்சப் படகுடா இது. நான் ஒரு மாசம் இல்லன்னதும் நீலமாக்கிட்டீங்க. பங்குக்காரன் ஒருத்தன கேக்கணும்னு தோணல?"

"வாங்குன நாள்லேர்ந்து நீலந்தாண்ணே."

"எனக்குத் தெரியாதா? இத்தினி வருசமா நான் பச்சப் படகுல போய்கினுகிறேன்."

கலங்கிய வில்லை பழுப்பாகும்போது நீலத்தைத்தான் முதலில் தின்றுவிடும். மெல்ல மெல்லத் தின்பதால், எந்த நாளில் போயிற்று என்று கண்ணுக்குரியவருக்கே தெரியாது. இதை விளக்க நான் ஓரடி முன்னால் வைத்தேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப போய் புரதம் சக்கரன்னு ஆரம்பிக்காதீங்க."

மச்சான் இன்னும் சந்தேகத்தோடு படகின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளேயும் நீலம்தான். அப்புறம் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். கடலுக்கும் அவர்கள் பெயிண்ட் அடித்திருக்க முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும். ஏறிப் பின்பக்கம் போய் இன்ஜினைப் பிடித்தார்.

படகு முகத்துவாரத்தை நெருங்கியதும் வேகம் குறைந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். திட்டின் மேல் அலை ஒன்று வெள்ளையாக உடைந்தது, இன்னொன்று உடைந்தது. படகு அப்படியே நின்றது போலிருந்தது. பிறகு சட்டென்று இடது பக்கம் ஒடித்து, உடையாத தண்ணீருக்குள் நுழைந்து, ஒரு முறை மூக்கைத் தூக்கி இறங்கி வெளியே போய்விட்டது.

அக்கா முந்தானையை எடுத்தார். "ஒண்ணு சொல்லு தம்பி. எனக்குக் கல்யாணத்துக்கு அந்த ஆளு எட்த்துக் குடுத்த பொடவ நீலம். அத்த இன்னா கலர்னு நெனச்சிகினு கீறாரு இத்தினி நாளா?"